எந்த ‘ஃப்ரீ’?

ஆங்கிலம் ஓர் எழுத்தும் படியாத எங்கள் உம்மும்மாக்களும் நாள்தோறும் வாய்நிறையச் சொல்லும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டென்றால் அது ‘ஃப்ரீ’ தான். “சவர்க்காரம் மூன்டு எடுத்தா கோப்பை ஒன்டு ஃப்ரீ” என்கிறார் கடைக்காரர். “நாளைக்கு ஃப்ரீயா ஈக்கிறீங்களா ராத்தா?” என்று கேட்கிறாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. கல்யாண வீட்டில் இரண்டு மாமிமார் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, “புள்ள நல்லம்தான், ஆனா கொஞ்சம் ஃப்ரீயாப் பழகுற” என்று முணுமுணுக்கிறார்கள். முதலாவதற்கு விலை இல்லை என்று பொருள். இரண்டாவதற்கு வேலை இல்லை என்று பொருள். மூன்றாவதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லால் எத்தனை கல்யாணப் பேச்சுகள் பாதியில் நின்றிருக்கின்றன என்பது சகோதரிகள் அறியாததல்ல.

நான் இருபத்தெட்டு வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்தவள். எல்லாம் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்டப் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மேலே தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கி வருபவர்கள். மீதிப் பேர் கீழே பஸார்க் கடைகளின் பிள்ளைகள், எங்கள் ஆட்கள். பெயரடை என்ற பாடம் வரும்போது நீண்ட நீண்ட சொற்களைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவார்கள். அவற்றை மனனம் செய்தால் முடிந்தது. உண்மையில் அவர்களை இடறி விழுத்தியது நான்கே எழுத்துள்ள இந்தச் சொல்தான். ஒருமுறை ‘சுகர் ஃப்ரீ’ என்பதைத் தமிழில் எழுதச் சொன்னேன். “சீனி இலவசம்” என்று எழுதினான் ஒரு கடைக்காரரின் மகன். வகுப்பே சிரித்தது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப ‘டியூட்டி ஃப்ரீ’ன்டா என்ன டீச்சர்? தீர்வை இலவசமா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பின்னால் ‘ஆஃப்’ அல்லது ‘ஃப்ரம்’ வந்தால் ஒன்று இல்லாதிருத்தல், ஒன்றிலிருந்து நீங்கியிருத்தல்: நோய் நீங்கியவர், கடன் நீங்கியவர். வேறொரு பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டாலும் இதே பொருள்தான். சீனி அற்றது, தீர்வை அற்றது. பின்னால் ‘டு’ வந்தால் ஒன்றைச் செய்யத் தடையில்லாதவர்: போகலாம், வரலாம், மறுக்கலாம். எதுவும் வராமல் தனியே நின்றால் இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஓர் ஆசனம் ‘ஃப்ரீ’ என்றால் ஆள் இல்லை. ஒரு மனிதர் ‘ஃப்ரீ’ என்றால் வேலை இல்லை, அல்லது விலங்கு இல்லை. ஒரு பொருள் ‘ஃப்ரீ’ என்றால் காசு இல்லை.

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. இலவசம் வேறு, விடுதலை வேறு, ஓய்வு வேறு, காலி வேறு. நாம் அன்றாடம் கலந்து பேசும் சிங்களத்திலும் அப்படித்தான். காசில்லாமல் கிடைப்பது ‘நொமிலே’. கட்டில்லாமல் இருப்பது ‘நிதஹஸ்’. இரண்டையும் எந்தச் சிங்களக் குழந்தையும் குழப்பிக்கொள்ளாது. அறபியிலும் காசில்லாதது ‘மஜ்ஜானன்’, அடிமையல்லாதவர் ‘ஹுர்’. ஆங்கிலம் மட்டும் இரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிட்டது.

ஆதியில் அப்படி இருக்கவில்லை என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். ‘ஃப்ரீ’ என்பதும் ‘ஃப்ரெண்ட்’ என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேரின் பொருள் அன்பு. நாம் தமிழில் பிரியம் என்கிறோமே, அந்த வடசொல்லும் அதே வேரின் இன்னொரு கிளைதான். பழங்காலத்து வீட்டில் இருவகையினர் இருந்தனர்: வீட்டுக்காரரின் பிரியத்துக்குரிய சொந்த இரத்தங்கள், விலைக்கு வாங்கிய அடிமைகள். பிரியத்துக்குரியவர் எவரோ அவர் அடிமையல்லாதவர். அப்படித்தான் சொல்லின் பொருள் அன்பிலிருந்து விடுதலைக்கு நகர்ந்ததாம். காசில்லாமல் என்ற பொருள் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. இதைப் படித்த நாளிலிருந்து கடையில் தொங்கும் ‘ஃப்ரீ’ அட்டைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சவர்க்காரக் கோப்பைக்கும் பிரியத்துக்கும் என்ன உறவு!

வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சொல் செய்யும் அநியாயத்தையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். “அவங்க வேலைக்குப் போறல்ல, ஊட்ல ஃப்ரீயாத்தான் ஈக்கிறாங்க” என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்போம். சுபஹுக்கு முன் எழும்பி, சமைத்து, துவைத்து, பிள்ளைகளை ஓதவும் படிக்கவும் அனுப்பி, மாமிக்கு மருந்து கொடுத்து, இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கும்வரை ‘ஃப்ரீ’. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெண்ணிடமே கேட்டாலும் “நான் சும்மாதானே ஈக்கிறேன்” என்பாள். ‘சும்மா’வுக்கும் நம் தமிழில் அந்த இரண்டு பொருளும் உண்டு: வேலை செய்யாமல், காசு வாங்காமல். அவள் விஷயத்தில் இரண்டாவதுதான் உண்மை.

ஆனால் நான் எழுத வந்தது இதைவிடக் கனமான விஷயம். எங்கள் சப்ரகமுவ மலைகளில் இந்த ஒரு சொல் என்ன வேலை பார்த்திருக்கிறது என்பதைப் பற்றி.

எங்கள் வாப்பாவின் கடை, தோட்டத்துப் பாதை வந்து பெரிய தெருவில் ஏறும் இடத்தில் இருந்தது. சம்பள நாள் பின்னேரம் கடைத் திண்ணையில் பால்வெட்டுக்காரர்களும் கொழுந்துப் பெண்களும் நிறைந்திருப்பார்கள். வாப்பாவின் பற்றுக் கொப்பி நீளமானது. அதில் பெயர் இல்லாத வீடு தோட்டத்தில் இல்லை. ஒரு தாத்தா, எண்பது வயதிருக்கும், கொப்பியைப் பார்த்து, “நானா, இதெல்லாம் கடனே இல்ல. எங்க அப்பாவத் துண்டுல வச்சிருந்தாங்களே, அதுதான் கடன்” என்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. துண்டு என்றால் தோளில் போடுவது என்றுதான் நினைத்தேன்.

பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரித்தானியர் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் கொண்டுவந்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1834 முதல் மொரிஷியசுக்கும், பின்னர் நேட்டாலுக்கும் பீஜிக்கும், இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து இந்தியாவிலிருந்து ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. கங்காணி ஊருக்குப் போய்த் தன் உறவையும் ஊராரையும் கூட்டிக்கொண்டு மன்னார்க் காட்டு வழியாக நடந்தே வந்தான். கைநாட்டு இல்லை, வருடக் கணக்கு இல்லை, மாத முன்னறிவித்தலோடு விலகலாம். ஆகவே அரசாங்கக் கடதாசிகளில் இவர்களுக்கு ஒரு பெயரடை கிடைத்தது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் ‘ஃப்ரீ’ தொழிலாளர்.

கடதாசியில் எழுதியது பொய்யல்ல. ஆனால் கங்காணி வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்திருந்தான். வழியில் சாப்பாடு, கம்பளி, வந்து இறங்கிய பின் அரிசி, பிறகு பிள்ளைக்குக் காதுகுத்து, மகளுக்குக் கல்யாணம், அப்பனுக்குக் காரியம் எல்லாம் கணக்கில் ஏறின. கடன் தீராமல் போக முடியாது. இந்தக் கடனுக்குத் தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் ‘துண்டு’. இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்பது அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவான். புதிய துரை கடனைக் கட்டுவான். ஆட்கள் கடனோடு சேர்த்துக் கைமாறுவார்கள். முன்னறிவித்தல் இல்லாமல் தானாக விலகிப் போனவருக்கு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறையும் உண்டு. மனிதரை விற்கவில்லை, அவர்களுடைய கடனைத்தான் விற்றார்கள். துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால்தான் ஒழிக்கப்பட்டது. 1923 முதல் வழிச்செலவைத் தோட்டச் சொந்தக்காரர்கள் சேர்த்த பொது நிதி ஏற்றது. அப்போதுதான் கப்பல் பயணம் அவர்களுக்கு உண்மையிலேயே ‘ஃப்ரீ’ ஆனது, அதாவது காசில்லாமல்.

பாருங்கள், பயணம் இலவசமாக இல்லாத காலத்தில் மனிதர் ‘ஃப்ரீ’ என்றார்கள். பயணம் ‘ஃப்ரீ’ ஆன பிறகு? 1948இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பிரித்து எழுதினார்கள். எங்கள் கடைக்கொப்பியிலும் சில பக்கங்கள் அப்படி மூடப்பட்டன. போவதற்கு முதல் நாள் வந்து பாக்கியைக் கட்டிவிட்டுப் போனவர்களைப் பற்றி வாப்பா கடைசிவரை பேசுவார். கட்ட முடியாமல் போனவர்களைப் பற்றிப் பேசமாட்டார். எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டத்தில் முடிவுக்கு வர 2003 ஆயிற்று.

தோட்டத்தில் இன்னும் என்னென்ன ‘ஃப்ரீ’ என்று பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டேன். “காம்பரா ஃப்ரீ டீச்சர்” என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு நீண்ட திண்ணை, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரே கூரை. வாடகை கிடையாது. உண்மைதான். வாடகை கிடையாது என்பதால் வாடகைத் துண்டும் கிடையாது. உறுதி கிடையாது. நம்முடைய பெயரில் எதுவும் கிடையாது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்குக்கூடச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. இலவசமாய் இருப்பவருக்கு எந்தப் பிடியும் இல்லை. 2016 மே மாதம் அரநாயக்காவில் மலை சரிந்தபோது புளத்கொஹுப்பிட்டியப் பக்கத்தில் தோட்டத்து லயங்களும் மண்ணுக்குள் போயின. நூறு வருடம், நான்கு தலைமுறை ஒரே காம்பராவில் வாழ்ந்தவர்கள், இடிந்தது எங்கள் வீடு என்று சொல்லலாம். இடிந்தது எங்கள் சொத்து என்று சொல்ல முடியாது.

கல்வியும் அப்படித்தான் தாமதித்து வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. அதை அனுபவித்துத்தான் நானும் ஆசிரியையானேன். அந்தத் திட்டத்தை நான் நன்றியோடு நினைக்காத நாளில்லை. தோட்டப் பாடசாலைகள் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றன. ஒரே மடுவம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். பிறகு 1980இலிருந்து பாடநூல், 1993இலிருந்து சீருடைத் துணி. வெள்ளைச் சீருடையோடு மலையிலிருந்து வரிசையாக இறங்கி வரும் பிள்ளைகளைப் பார்த்தால் என் மனம் நிறையும். இந்த ‘ஃப்ரீ’யை நான் குறை சொல்லமாட்டேன். இது எவரும் தன் கையிலிருந்து கொடுத்த இனாமல்ல, எல்லோருடைய வரிப்பணம். அதனால்தான் அதற்குக் கடன்கொப்பி இல்லை.

1978இல் கட்டுநாயக்கவில் தொடங்கியதை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ டிரேட் ஸோன்’ என்றார்கள். தமிழில் அதைச் சுதந்திர வர்த்தக வலயம் என்று மொழிபெயர்த்தார்கள். என்னிடம் படித்த பெண்பிள்ளைகள் சிலர் அங்கே தையல் மெசினுக்குப் போனார்கள். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் வந்தவர்கள், மலசலகூடத்துக்குப் போகக்கூட அட்டை எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அங்கே சுதந்திரம் பண்டங்களுக்கு, தீர்வை இல்லாமல் வரவும் போகவும். ‘தீர்வையற்ற’ என்று மொழிபெயர்த்திருந்தால் பிள்ளைகள் தெளிவாகப் புரிந்துகொண்டு போயிருப்பார்கள்.

நம் வீடுகளையும் விட்டுவிட முடியாது. தோட்டத்திலிருந்து பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து வீட்டு வேலைக்கு வைப்பது ஒரு காலத்தில் பட்டணத்து வீடுகளில் சாதாரணம். முஸ்லிம், சிங்களம், தமிழ் என்ற பேதம் அதில் இருக்கவில்லை. “சாப்பாடு ஃப்ரீ, உடுப்பு ஃப்ரீ, எங்கட புள்ள மாதிரித்தான் ஈக்கிறாள்” என்பார்கள். சொந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு போடும்போது யாரும் ‘ஃப்ரீ’ என்று சொல்வதில்லை என்பதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டார்கள். வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயது 2021இல் சட்டப்படி 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது.

இனி, நான் மறக்க முடியாத ஒரு கடதாசியைப் பற்றி.

2011இல் என் பழைய மாணவி ஒருத்தி கணவனோடு வீட்டுக்கு வந்தாள். கணவன் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். அவன் வாசலோடு நின்றுகொண்டான். எத்தனை சொல்லியும் உள்ளே வரவில்லை. அவள் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. கையில் ஒரு நோட்டீசும், கொழுவிய இரண்டு பக்கக் கடதாசியும்.

“டீச்சர், இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு ஒப்பம் வைக்கச் சொல்றாங்க.”

நோட்டீஸ் தமிழில் இருந்தது. வளைகுடா நாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்கள் தேவை. டிக்கட் ஃப்ரீ. மெடிக்கல் ஃப்ரீ. டிரெய்னிங் ஃப்ரீ. சாப்பாடு ஃப்ரீ. தங்குமிடம் ஃப்ரீ. ஐந்து முறை அந்தச் சொல், ஒவ்வொன்றின் பின்னும் ஆச்சரியக்குறி. கடைசியில், போவதற்கு முன்பே கையில் ஒரு லட்சம். ஆளைக் கூட்டிப் போக ஊருக்கு வந்திருந்தவர் ஒரு துணை முகவர். பெயர் வேண்டாம், இப்போது அந்தத் தொழிலில் இல்லை.

கொழுவிய கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு பக்கத்திலும் தேடினேன். ‘ஃப்ரீ’ ஒரே ஓர் இடத்தில்தான் வந்தது. பின்னால் ‘டு’ இருந்தது, முன்னால் ‘நொட்’ இருந்தது. இரண்டு வருடம் முடியும்வரை வேலை பெறுபவர் வீட்டை விட்டோ எசமானை விட்டோ விலக ‘நொட் ஃப்ரீ டு’. அதற்குக் கீழே, இடையில் திரும்பி வந்தால் டிக்கட், மருத்துவம், பயிற்சி, முன்பணம் யாவற்றையும் குடும்பம் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருந்தது. ஓய்வு நேரம், ஓய்வு நாள் பற்றி ஒரு வரி இல்லை. கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும் என்றும் இல்லை.

நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “அப்ப அந்த ஒரு லட்சம் ஃப்ரீ இல்லியா டீச்சர்?” என்றாள் கடைசியில். எனக்கு வாப்பாவின் கடைத் திண்ணையும் அந்தத் தாத்தாவும் நினைவுக்கு வந்தார்கள். போகிறவர் கையில் முன்பணம், கூட்டிப் போகிறவன் தெரிந்த ஊர்க்காரன், திரும்பி வர வேண்டுமானால் கடன் தீர வேண்டும். நூறு வருடத்துக்கு முன் இவர்களுடைய பூட்டன் இங்கே வந்து இறங்கிய அதே கணக்கு. கங்காணிக்குப் பதில் துணை முகவர், துரைக்குப் பதில் கபீல். இதே வளைகுடாவில் ஆண்களிடம் ‘ஃப்ரீ விசா’ என்று ஒன்றைக் காசுக்கு விற்கிறார்கள். விரும்பிய இடத்தில் வேலை செய்யலாம் என்று ஆசை காட்டுவார்கள். அந்தப் பெயரில் சட்டத்தில் ஒரு விசாவே கிடையாது. கபீலின் பெயரில் போய் வேறிடத்தில் வேலை செய்து பிடிபட்டால் நாடு கடத்தல்தான். எங்கள் பஸாரிலேயே இரண்டு வீட்டுப் பொடியன்மார் நிலத்தை விற்று அதை வாங்கிப் போய் ஆறு மாதத்தில் வெறுங்கையோடு வந்தார்கள்.

போகாதே என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவள் குழந்தைக்குப் பால்மா நான் வாங்கிக் கொடுக்கப் போகிறேனா? இலட்சக்கணக்கான இலங்கைப் பெண்கள் போய்த்தான் குடும்பம் நிமிர்ந்திருக்கிறது. அதில் நம் சமுதாயத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வோர் ஊரும் அறியும். நான் சொன்னது இவ்வளவுதான்: நோட்டீசில் ‘ஃப்ரீ’ என்று இருக்கும் ஒவ்வோர் இடத்திலும், யார் காசு, பிறகு யார் கட்டுவது என்று கேள். கடவுச்சீட்டும் போனும் யார் கையில் என்று கேள். எந்தக் கிழமை உனக்கு ஓய்வு என்று கேள். 1985இல் சட்டம் போட்டு அமைத்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பதிவுள்ள முகவரா என்று பார், பதிந்து போனால் காப்புறுதியாவது உண்டு. வெளியே நின்ற கணவன் அப்போதுதான் யன்னலருகே வந்து, “இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்” என்றான். ஒரு கொப்பித் தாளில் நான்கு கேள்விகளையும் எழுதிக் கொடுத்தேன்.

துணை முகவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் யார் எழுதித் தந்த? இப்படிக் கேள்வி கேக்கிறவங்களுக்கு விசா வராது” என்றாராம். அங்கே அவள் ஒப்பம் வைக்கவில்லை. அந்த ஒரு லட்சம் கைநழுவிப் போனதற்கு அவளுடைய மாமியார் என்னைத் திட்டித் தீர்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். திட்டட்டும், அவர்கள் வீட்டில் அப்போது அடகு வைக்கக் காதுத்தோடுகூட இருக்கவில்லை.

அடுத்த வருடம் அவள் பணியகத்தில் பதிந்து, முன்பணம் எதுவும் வாங்காமல், வேறு முகவர் மூலம் போனாள். எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வெள்ளிக்கிழமையும் வேலை இருந்தது. இரண்டு மாதச் சம்பளம் பிந்தி வந்தது. ஆனால் போன் அவள் கையில் இருந்தது, கிழமைக்கு ஒருமுறை குழந்தையின் குரலைக் கேட்டாள். 2014இல் கணக்கு முடித்து, யாருக்கும் எதுவும் கட்டாமல் வந்து இறங்கினாள். கொண்டுவந்த காசில் லயத்தின் பின்பக்கம் சிமெந்துத் தரை போட்டு ஒரு குசினி கட்டினாள். காணி தோட்டத்தினுடையது என்பதால் குசினிக்கும் உறுதி இல்லை.

இடுப்பில் இருந்த அந்தக் குழந்தை இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் ஓய்வுபெற்றுவிட்டேன் என்றாலும் சனிக்கிழமைகளில் அவளும் பஸார்ப் பிள்ளைகள் நால்வரும் வீட்டுக்கு வருகிறார்கள். போன கிழமை பெயரடைப் பாடம். வழக்கமான சொல்லைக் கொடுத்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். அவள் மூன்று எழுதியிருந்தாள். எங்கள் பாடநூல்கள் இலவசம். ஞாயிற்றுக்கிழமை அம்மா விறகுக்குப் போவதால் அவருக்கு ஓய்வில்லை. நான் ஆசிரியையாகலாம், தடையில்லை. கடைசி வாக்கியத்தில் மட்டும் ‘டு’ விடுபட்டிருந்தது. சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.